நான்காம் எண் குடில்

ஐந்து நாள் விடுமுறைக்குப் போய்வர எத்தனை பக்கத்தில் திட்டம் போடுவார்கள்? புத்தியுள்ளவர்கள் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி முடிப்பார்கள். மற்றவர்கள் அதுவும் எழுதாமல் கிளம்பிவிடுவார்கள். அவள் போட்ட திட்டம் பதினொரு பக்கம் வந்தது. சாப்பாட்டுச் சாமான் பட்டியல் அதில் சேர்த்தி இல்லை.

அவளைக் குறை சொல்லியும் பயனில்லை. ஆபரேஷன் தியேட்டரில் இருபத்தாறு வருஷமாக நர்ஸ். வயிற்றைத் திறப்பதற்கு முன்னால் எத்தனை கத்தி, எத்தனை ஊசி, எத்தனை கட்டுத்துணி என்று எண்ணி வைப்பதும், மூடுவதற்கு முன்னால் அத்தனையும் வெளியே வந்துவிட்டனவா என்று மறுபடி எண்ணுவதும் அவள் வேலை. ஒரு தடவை பெரிய டாக்டர் தையல் போட ஊசியைக் கையில் எடுத்துவிட்டார். "ஒண்ணு குறையுது சார்" என்றாள். அவர் எரிந்து விழுந்தார். அவள் இம்மியும் அசையவில்லை. தியேட்டரைத் தலைகீழாகப் புரட்டிக் கடைசியில் பார்த்தால், காணாமல் போன துணி டாக்டரின் செருப்புக்கு அடியிலேயே ஒட்டிக்கொண்டு கிடந்தது. அன்றைக்கு 'எண்ணிக்கை அக்கா' என்று பெயர் விழுந்தது; அந்த ஆஸ்பத்திரியில் இப்போது டாக்டர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு பதினாலு மாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறைக்குள் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது நெஞ்சை அடைத்தது. வியர்வை ஊற்ற ஊற்ற, கழற்றிய திருகுகளையெல்லாம் மாட்டி, லிஃப்டை ஓடவிட்டு, அதிலேயே ஏறிக் கீழே இறங்கி, டாக்ஸி பிடித்துத் தானே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த மகானுபாவர். "பாதியில விட்டுட்டு வந்தா அப்புறம் யாராவது உள்ள மாட்டிக்குவாங்கல்ல?" என்று படுத்துக்கொண்டே நியாயம் வேறு பேசினார். இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். கம்பெனிக்காரர்கள் இனி மாடி ஏற வேண்டாம் என்று சொல்லி, அவரை ஆபீசில் போன் முன்னால் உட்கார வைத்தார்கள். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் பேசுவது இப்போது அவர்தான். "உள்ள எத்தனை பேரு?" என்பது அவருடைய முதல் கேள்வி. இரண்டு பேர் என்றால் விஷயத்தைச் சொல்லிவிட்டு ஆளை அனுப்புவார். ஒருவர்தான் என்றால் ஆள் போய்ச் சேரும்வரை போனை வைக்கவே மாட்டார்.

மலைக்குப் போகலாம் என்பதும் அவர் கிளப்பிய பேச்சுதான். "ஆத்துல காலை விட்டுக்கிட்டு ஒரு அஞ்சு நாள் சும்மா உக்காந்திருக்கணும்" என்றார். டாக்டரிடம் போய்க் கேட்டார்கள். தாராளமாகப் போகலாம், தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறவருக்கு என்ன தடை என்றார் டாக்டர். அவள் அதே கேள்வியை இன்னொரு மாதிரி கேட்டாள். பிறகு மூன்றாவது மாதிரியும் கேட்டாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "நீங்களும் போய்க் கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க சிஸ்டர். உங்க முகத்தைப் பாத்தா அவரை விட நீங்கதான் அட்மிட் ஆக வேண்டிய ஆள் மாதிரி இருக்கீங்க."

அதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் டாக்டர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அவள் சரியாகத் தூங்கி நாலு மாதம் ஆகிறது.

கணவருக்கு முன்பெல்லாம் குறட்டை என்றால் அப்படியொரு குறட்டை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள், "ராத்திரியில மிஷின் எதாவது ஓட்டறீங்களா?" என்று நிஜமாகவே விசாரித்தார். இருபத்தெட்டு வருஷம் அந்தக் குறட்டையைத் திட்டித் தீர்த்தவள் அவள். ஸ்டென்ட் வைத்து, உடம்பு பத்துக் கிலோ இளைத்த பிறகு குறட்டை நின்றுபோனது. அவர் பூனை மாதிரித் தூங்கினார். அந்த நிசப்தம்தான் அவளைத் தூங்கவிடாமல் செய்தது. அவர் மூச்சு கேட்க வேண்டுமென்றால் அவள் தன் மூச்சை அடக்க வேண்டியிருந்தது. அப்படியும் கேட்காவிட்டால் மெதுவாகக் கையை நீட்டி அவர் மூக்கருகே வைத்துப் பார்ப்பாள். காற்று படும். சரி என்று திரும்பிப் படுப்பாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி சந்தேகம் வந்துவிடும். இதெல்லாம் அவருக்குத் தெரியாது என்பது மட்டும்தான் அவளுக்கு ஒரே ஆறுதல்.

பகலில் அதற்கான விலையைக் கொடுத்தாள். பஸ்ஸில் தூங்கிப்போய் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கினாள். போன வாரம் தியேட்டரில் கட்டுத்துணி எண்ணும்போது பதினேழுக்குப் பிறகு என்ன என்று ஒரு விநாடி நின்றுவிட்டாள். மறுபடி முதலிலிருந்து எண்ணிச் சரியாகத்தான் சொன்னாள். யாரும் கவனிக்கவில்லை. ஆனால் அவள் கவனித்தாள். இப்படியே போனால் ஒருநாள் தப்பாக எண்ணிவிடுவோம் என்று பயந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து வரைபடத்தை விரித்தாள். நாலு மூலையிலும் உப்பு ஜாடி, சர்க்கரை டப்பா, அவருடைய மாத்திரைப் பெட்டி, தன் கைப்பை என்று பாரம் வைத்தாள். மலையில் மூன்று ஏரிகள், இரண்டு ஆறுகள். வாடகைக்கு ஐந்து மரக்குடில்கள். ஒன்றும் இரண்டும் கீழ் ஏரிப்பக்கம். மூன்றாவது நடு ஏரியின் கரையில். இரண்டு ஆறும் சேர்கிற இடத்தில், பாலத்தைத் தாண்டிப் பாறைமேல் நான்காவது. மேல் ஏரியில் இருந்த ஐந்தாவதைப் பழுதுபார்க்க மூடி வைத்திருந்தார்கள்.

"ஒண்ணாம் நம்பர்தான்" என்றாள். "வாசப்படி வரைக்கும் கார் போகுது. போன் சிக்னல் இருக்கு. கீழ இருக்கற ஆஸ்பத்திரிக்கு முப்பத்தஞ்சு நிமிஷம்."

"ஏரிக்கு எவ்வளவு தூரம்?"

"அது எதுக்கு?"

"இல்ல, ஏரியைப் பாக்கத்தானே போறோம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

"அங்கிருந்து பாத்தா தெரியும். கார் நிறுத்தற இடத்துக்குப் பின்னால." அவள் பேனாவை எடுத்து ஒன்றைச் சுற்றி வட்டம் போட்டாள். வட்டத்தைப் பார்த்த அவர் ஆரஞ்சுப் பழத்தை உரித்தார். பாதியை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டே அடுத்த பக்கத்தை ஆரம்பித்துவிட்டாள்.

பதினொரு பக்கமும் கட்டம் கட்டமாக இருந்தன. நேரம், செய்ய வேண்டியது, யார் பொறுப்பு, அது நடக்காவிட்டால் என்ன செய்வது. கிளம்பும் நேரம், வழியில் நிறுத்தி இறங்கி நடக்கும் இடங்கள், நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை யார் யார் பையில் இருக்கும், வண்டியில் எந்தப் பக்கம் இருக்கும், எல்லாம் இருந்தன. 'ஆற்றில் கால் நனைத்தல்' என்றுகூட ஒரு கட்டம் இருந்தது. அதற்கு நேரே பதினைந்து நிமிஷம் என்று போட்டிருந்தாள். அவர் அதைப் படித்துவிட்டு, "ரெண்டு காலுமா, இல்ல ஒவ்வொண்ணாவா?" என்று கேட்டார். அவள் சிரிக்கவில்லை.

குடில்களைப் பார்த்துக்கொள்கிறவருக்கு அவளே போன் செய்தாள். வயதான குரல், பொறுமைசாலி. மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு, படுக்கை எத்தனை அடி உயரம், ஆம்புலன்ஸ் திரும்ப இடம் இருக்கிறதா என்று அவள் கேட்கக் கேட்க, அவர் சளைக்காமல் பதில் சொன்னார். கடைசியில் அவர், "எல்லாம் ஞாபகம் இருக்காதும்மா, எழுதி அனுப்பிருங்க" என்றார். எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவளுக்கு இது போதாதா? பதினொரு பக்கத்தையும் படம் பிடித்து அனுப்பினாள். தன் நம்பர் கிடைக்காவிட்டால் பேச வேண்டிய மாற்று நம்பர் என்று கணவரின் நம்பரையும் சேர்த்தாள்.

வியாழக்கிழமை தியேட்டரில் ஒரு நீளமான ஆபரேஷன். போன் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவள் செருப்பைக் கழற்றும்போது, அவர் சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவருக்கு வார விடுமுறை. முகத்தில் ஒரு தினுசான சிரிப்பு.

"கேபின்காரர் போன் பண்ணாரு."

"என்னவாம்?"

"உன் போன் எடுக்கலையாம். 'நோயாளியோட வீடுங்களா?'ன்னு ஆரம்பிச்சாரு."

அவள் ஒரு செருப்போடு நின்றாள்.

"'நோயாளிதான் பேசறேன்'னு சொன்னேன். மனுஷன் பதறிட்டாரு. 'ஐயா, நீங்க எந்திரிச்சுப் பேசலாங்களா?'ன்னு கேக்கறாரு. சக்கர நாற்காலி ஏற்பாடு பண்ணிட்டாராம். எம்பத்தோரு கிலோன்னு போட்டிருக்கே, தூக்கறதுக்கு நாலு ஆளு போதுமா, ஆறு பேரை வரச்சொல்லவான்னு கேட்டாரு. நான் ஆறு பேர் லிஃப்டே பாத்தவன், நாலு போதும்னு சொல்லிட்டேன்."

அவளுக்குப் புரியவில்லை. கைப்பையிலிருந்து காகிதங்களை எடுத்துப் பார்த்தாள். முதல் பக்கத்தின் உச்சியில் அவளுடைய கையெழுத்து தெள்ளத்தெளிவாக இருந்தது: 'நோயாளி: ஆண். வயது 54. எடை 81 கிலோ.' இருபத்தாறு வருஷமாக எந்தக் காகிதத்தை எடுத்தாலும் முதலில் எழுதுகிற வரி. கை தன்னால் எழுதியிருக்கிறது. கண் பார்த்தும் பார்க்கவில்லை. எண்ணிக்கை அக்கா என்று பேர் வாங்கியவள், பதினொரு பக்கத்தையும் மூன்று முறை சரிபார்த்தவள், முதல் வரியைக் கோட்டை விட்டுவிட்டாள்.

"பழக்கதோஷத்துல எழுதிட்டேங்க" என்றாள். வெட்கமாக இருந்தது.

"பரவாயில்ல. இருபத்தெட்டு வருஷத்துல என் எடையை யாராவது கரெக்டா வெச்சிருக்காங்களேன்னு சந்தோஷமாதான் இருந்துச்சு." சிரிப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு அவர் தொடர்ந்தார். "அப்படியே அவர்கிட்ட கேபினை மாத்தச் சொல்லிட்டேன். நாலாம் நம்பர்."

வெட்கமெல்லாம் போன இடம் தெரியவில்லை. "எது? ஆத்து மேல இருக்கறதா?"

"அதேதான்."

"உங்களுக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா? பாலத்துக்கு இந்தப் பக்கமே வண்டி நின்னுரும். அங்கேருந்து நடக்கணும்."

"அஞ்சு நிமிஷம். பாலம் வரைக்கும் ஜீப் வரும்னு சொன்னாரு. ஆஸ்பத்திரி நாப்பத்தஞ்சு நிமிஷம். பத்து நிமிஷம்தான் வித்தியாசம். டாக்டர்கிட்டயும் போன்ல கேட்டுட்டேன். அங்கயே சிக்னலும் இருக்கு."

"போனவங்க எல்லாரும் என்ன எழுதியிருக்காங்கன்னு பாத்தீங்களா? காது கிழியற சத்தம். பக்கத்துல நின்னு பேசினாக்கூடக் கேக்கலை. பணத்தைத் திருப்பிக் குடுங்கன்னு ஒரு குடும்பம் சண்டையே போட்டிருக்கு. நான் ஒண்ணு விடாமப் படிச்சேன்."

"நானும் படிச்சேன்" என்றார்.

"படிச்சுட்டுமா?"

"படிச்சதனாலதான்."

அவருடைய பிடிவாதம் சத்தம் போடாத ரகம். அவள் சத்தம் போட்டுப் பார்த்தாள். ஒரு கத்து கத்தினால் கேட்குமா அங்கே, கீழே விழுந்தால் தெரியுமா, கூப்பிட்டால்தான் கேட்குமா என்று கேள்விமேல் கேள்வியாகக் கேட்டாள். அவர் எழுந்து போய் அவளுக்குத் தேநீர் போட்டு எடுத்துவந்து வைத்தார். இப்படிச் சண்டை போடுகிறவரோடு யார்தான் சண்டை போட முடியும்? அன்றைக்கு அவள் பாத்திரம் கழுவிய சத்தத்துக்கு அந்த ஆற்றுச் சத்தம் தோற்றிருக்கும்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு ஓய்வுநாள். அவருக்கு மத்தியானம்தான் வேலை. பன்னிரண்டு மணிக்குள் எந்தக் குடில் என்று முடிவாகச் சொல்ல வேண்டும். பதினொன்றரைக்கு அவள் மேஜை முன்னால் உட்கார்ந்து போனை எடுத்தாள். அவர் எதிரே உட்கார்ந்து, பழைய தோள்பையின் வாரைத் தடித்த ஊசியால் தைத்துக்கொண்டிருந்தார். மறைத்துச் செய்யும் உத்தேசம் அவளுக்கு இல்லை. அவர் கண் முன்னாலேயே மாற்றப்போகிறாள்.

"ஒண்ணாம் நம்பருக்கே மாத்திருங்க" என்றாள், அந்தப் பக்கம் எடுத்ததும்.

"மாத்திரலாம்மா, அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல" என்றார் குடில்காரர். "எனக்கே ஆச்சரியமாத்தான் இருந்துச்சு. ஐயா எங்கிட்ட ஏரியைப் பத்திக் கேக்கல, மீனைப் பத்திக் கேக்கல. ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், சிக்னல் இருக்கா, இது ரெண்டும் கேட்டாரு. அப்புறம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். ராத்திரியில ஆத்துச் சத்தம் எவ்வளவு இருக்கும்னு. படுத்தா வேற எந்தச் சத்தமும் காதுல விழாதுன்னு சொன்னேன். பக்கத்துல படுத்திருக்கறவங்க குறட்டை விட்டாக்கூடவான்னு கேட்டாரு. இடி இடிச்சாக்கூடக் கேக்காதுங்கய்யான்னேன். அப்ப அதையே போடுங்கன்னுட்டாரு."

"குறட்டையா?" என்றாள் அவள்.

"ஆமாம்மா. கொஞ்சம் இருங்க, பதிவு நோட்டை எடுத்துட்டு வர்றேன். லைன்லயே இருங்க."

போனைக் காதிலிருந்து இறக்கி மேஜைமேல் வைத்தாள். அவர் தலை குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத்தான் இப்பக் குறட்டையே இல்லையே" என்றாள். "எதுக்கு அப்படிக் கேட்டீங்க?"

அவர் நூலை இழுத்து முடிச்சுப் போட்டார். பல்லால் கடித்து அறுத்தார். அவசரமே படவில்லை.

"குறட்டைன்னு சொல்லாம மூச்சுன்னு சொன்னா அவருக்கு ஒண்ணும் புரியாதுல்ல" என்றார்.

"மூச்சா?" என்றாள்.

"நாலு மாசமா நீ தூங்கலை. எனக்குத் தெரியும். மூக்குக்கிட்ட கையை வெச்சு வெச்சுப் பாக்கற. நான் தூங்கற மாதிரி படுத்திருப்பேன். உன் கை வர்றது தெரிஞ்சா கொஞ்சம் பெருசா மூச்சு விடுவேன், உனக்கு நல்லாப் படட்டும்னு. அப்பயாச்சும் திரும்பிப் படுத்துத் தூங்கிடுவன்னு பாத்தேன். எங்க தூங்கற?"

நாலு மாதமாக ஒரே கட்டிலில் ஒருவருக்கொருவர் தெரியாமல் விழித்துக் கிடந்திருக்கிறார்கள். தூங்குகிறவரைக் காவல் காப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவரோ அவளுடைய கைக்காக மூச்சை அளந்து விட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறார். அவரையும் தூங்கவிடாமல் செய்தது தன் பயம்தான் என்பது நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. அழுகை வந்தது, மறைக்கவும் தோன்றவில்லை.

"அங்க ஒண்ணும் கேக்காது" என்றார் அவர். "நீ எவ்வளவு காதைத் தீட்டிக்கிட்டுப் படுத்தாலும் கேக்காது. முத நாள் பயமாத்தான் இருக்கும். ரெண்டாவது நாள் அலுத்துப்போய்த் தூங்கிருவ. அப்புறம் நானும் தூங்குவேன்."

"கேக்கலைன்னா கை வெச்சுப் பாப்பேன்."

"அதுக்கு என் கையைப் புடிச்சுக்கிட்டே தூங்கிரேன். நாடி பாக்கத் தெரிஞ்ச பொம்பளைதானே நீ?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பயம் போய்விடவில்லை. அது அப்படியே உட்கார்ந்திருந்தது, ஆனால் முதல் தடவையாக அதைத் தனியாகச் சுமக்கவில்லை என்று இருந்தது. மேஜைமேல் போன் கரகரத்தது.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா? நோட்டு எடுத்துட்டேன். ஒண்ணாம் நம்பர்னு எழுதிரட்டுமா?"

போனை எடுத்துக் காதில் வைத்தாள். அவர் கை நீட்டினார், தான் பேசுவதாக. அவள் கொடுக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வேண்டாம். நாலாம் நம்பரே இருக்கட்டும்."

"நாலா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. அங்க சத்தம் ரொம்ப ஜாஸ்தி. வந்து படுத்தப்புறம் ஒண்ணும் கேக்கலையேன்னு எங்கிட்டக் குறை சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்" என்றாள்.